மூன்றாம் ஓலை

பாறசாலை
3-1-1995

கிளீட்டஸ்,

சுகமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. கிறிஸ்துமஸுக்கு விழிஞ்ஞம் வரை வந்தவன், பாறசாலைக்கு ஒரு பஸ் ஏறவில்லை. நீண்டகரைக்குத் திரும்பிப் போய் மீன்பிடி போட்டிலும் ஏறிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். இருக்கட்டும். இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு அப்புறம் எந்தக் கடலுக்கு வேண்டுமானாலும் போ.

எனக்கு நிச்சயம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை பெயர் ஜஸ்டஸ். கொல்லயில்காரர், நெய்யாற்றின்கரையில் பள்ளிக்கூட சார். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிகிறது, அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும். எல்லோர் முன்னிலையிலும் "சம்மதம் தானே?" என்று கேட்டார். அம்மா என் முதுகில் கை வைத்திருந்தாள். தலையாட்டிவிட்டேன்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். நினைத்துக்கொள். ஆனால் ஆகஸ்ட் மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெண் கேட்டபோது நீ செய்தது என்ன? அப்பா சாயா கொடுத்து, "மக்கா, நீ தைரியசாலியாக்கும், பேப்பர்ல எல்லாம் வந்துதே. ஆனா எனக்க மொவளுக்கு சபைக்குள்ளயே பாத்துக்கிடுதேன்" என்றார். நீ "சரி" என்றாய். ஜன்னலுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்தவன், ஒரே ஒரு "சரி" சொல்லிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு ரெஜிஸ்டர் ஆபீசுக்கு வா என்று கடிதம் எழுதினாய். வரமாட்டேன் என்றதும் கோபித்துக்கொண்டு நீண்டகரைக்குப் போய்விட்டாய்.

இப்போதும் சொல்கிறேன், ஓடிவர மாட்டேன். அப்பா சபைக் கமிட்டிச் செயலாளர். ஓடிப்போனவளின் அப்பன் என்று அவரை முன் பெஞ்சில் உட்கார வைக்க என்னால் ஆகாது. தங்கச்சி லிஜாவை அப்புறம் யார் கேட்டு வருவார்கள்? நான் போவதானால் முன்வாசல் வழியாக, பகலில், எல்லோருக்கும் தெரிந்து போகவேண்டும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிப்பார்கள், உங்கள் கத்தோலிக்கக் கோயிலிலும் உண்டே. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதேனும் உள்ளவர் சொல்லலாம் என்று. யாராவது எழும்பி நின்றால் போதகர் வாசிப்பை நிறுத்தியே ஆகவேண்டும். பெண்ணை வெஸ்ட்ரி அறைக்குள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும். வாலிபர் கூட்டத்தில் அவரே ஒருமுறை சொன்னார். எனக்கு அது போதும். அப்பா இல்லாமல், அம்மாவின் கை முதுகில் இல்லாமல், ஒருத்தர் தனியாக என்னைக் கேட்டால் போதும். உண்மையைச் சொல்லிவிடுவேன்.

நீயே எழும்பி நில்லேன் என்பாய். யோசிக்காமல் இருப்பேனா? அப்பாவின் பின்தலையைப் பார்த்துக்கொண்டு என்னால் வாய் திறக்க முடியாது. எனக்கு இருப்பது பதில் சொல்கிற தைரியம் மட்டும்தான். கேள்வியை வேறு யாராவது கேட்க வைக்கவேண்டும்.

வருகிற ஞாயிறு முதல் ஓலை. மூன்றாவது 22-ஆம் தேதி. அதற்காவது வா.

குளோரி

நீண்டகரை
9-1-1995

மரியே துணை

டீச்சருக்கு கிளீட்டஸ் எழுதுவது.

கடிதம் சாயாக்கடையில் கிடைத்தது. போட்டில் வைத்து வாசித்தேன். என் எழுத்து மோசமாக இருந்தால் மன்னிக்கவும், வலை இழுத்துக் கை வீங்கியிருக்கிறது.

அந்த "சரி"யைப் பற்றி நானும் நிறைய நினைத்தேன். உங்கள் அப்பா என்னை "எறங்குலே வெளியே" என்று சொல்லியிருந்தால் நான் பேசியிருப்பேன், சத்தியம். அவர் மேசையில் துணி விரித்தார். பூப்போட்ட கோப்பையில் சாயா தந்தார். எங்கள் கடப்புறத்தில் இருந்து போகிறவனுக்கு அப்படி ஒரு கோப்பை எந்த வீட்டிலும் கிடைத்ததில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படி டீச்சர் சண்டை போடுவது?

பேப்பரில் வந்தது என்று அவர் சொன்னதும் எனக்கு உடம்பு கூசிப்போனது. எங்கள் ஊர் விஜயதாஸின் வள்ளம் கவிழ்ந்த அன்று நான் அடியில் முங்கிப் போனது உண்மை. மூன்றாம் முங்கலில் அவனை வலையில் இருந்து அறுத்து எடுத்ததும் உண்மை. ஆனால் அவன் செத்துவிட்டான் என்று முதல் முங்கலிலேயே எனக்குத் தெரியும். கரையில் அவன் அம்மை நின்றாள். உடம்பாவது கொடுக்கவேண்டும் என்று போனேன். பயப்பட நேரம் இருக்கவில்லை. அதற்குத் திருவிழாவில் கோயில் அச்சன் பொன்னாடை போர்த்தினார். நான் தலை நிமிரவே இல்லை. அதைப் பார்த்துவிட்டு, அடக்கமுள்ள பையன் என்று வேறு சொன்னார்கள்.

கிறிஸ்துமஸுக்குப் போனபோது அம்மையிடம் உங்களைப் பற்றிச் சொல்லிவிட்டேன். உங்களுக்குத்தான் தெரியுமே, அம்மை வள்ளவிளைக்காரி, அவள் சொல்லித்தந்த தமிழ்தான் இது. "கோயில விட்டுட்டு பெண்ணு கெட்டுதவன் எனக்க குழியில மண்ணு போடாண்டாம்" என்றாள். அன்றைக்கு எனக்கென்று வைத்திருந்த மீனைப் பூனைக்குப் போட்டாள். பயமாகத்தான் இருக்கிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆனாலும் வாறேன். 22-ஆம் தேதி வாறேன். கொல்லம் போய் ரயில் ஏறினால் காலையில் பாறசாலை வந்துவிடலாம். என்ன சொல்லவேண்டும் என்று எழுதித் தாருங்கள். மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாள் என் விரல் எந்தக் கட்டையிலும் நிற்காமல் வழுக்கியது. நீங்கள் என் சுண்டுவிரலைப் பிடித்து அதன் இடத்தில் வைத்தீர்கள். உப்பில் வெடித்த விரல், பிடித்தால் உறுத்தும். நீங்கள் உடனே விடவில்லை. எனக்கு இந்த உலகத்தில் வேண்டும் என்று தோன்றிய ஒரே காரியம் அதுதான், டீச்சர். வேறு எதற்கும் எனக்கு இப்படி ஒரு கொதி வந்ததில்லை.

கிளீட்டஸ்

பாறசாலை
16-1-1995

கிளீட்டஸ்,

இரண்டு ஓலையும் வாசித்தாயிற்று. என் பெயரை வீட்டுப்பெயரோடும் அப்பா சுந்தரதாஸின் பெயரோடும் சேர்த்து வாசித்தபோது, போன வாரம் செத்துப்போன யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி இருந்தது. தடை உண்டோ என்று போதகர் கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். அந்தக் கொஞ்ச நேரத்தில் யாரோ இருமினார்கள். யாரோ எழும்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். பார்த்தால் உபதேசியார்.

நீ பெரிதாக ஒன்றும் சொல்லவேண்டாம். எழும்பி நின்று, "தடை உண்டு. நானும் இவளும் முன்னமே வாக்கு கொடுத்திருக்கிறோம். இவளைத் தனியாகக் கேளுங்கள்" என்று சொல். மறந்துபோனால் முதல் இரண்டு வார்த்தை போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

விரலைப் பற்றி எழுதியிருந்தாய். அதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை? நான் உடனே விடவில்லை என்பதை நீ கவனிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. இந்த வயதில், அடுத்தவருக்கு நிச்சயமான பிறகு, ஒரு சுண்டுவிரலை நினைத்துக்கொண்டு வகுப்பில் பிள்ளைகளின் தப்பைத் திருத்தாமல் விடுகிறேன். நான் நல்ல பெண் என்று ஊரில் பெயர்.

ஆராதனை ஒன்பது மணிக்கு. வந்துவிடு.

குளோரி

பாறசாலை
22-1-1995

நீ வரவில்லை.

போதகர் கேட்டார். இந்தத் தடவை அதிக நேரம் நிறுத்தியதுபோல எனக்குத் தோன்றியது. நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். பெண் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அம்மா என் தொடையில் கிள்ளினாள். பிறகு அவர் ஓலையை மடித்துவிட்டு, காணிக்கை எடுத்து முடிந்ததும் வசனம் சொல்லிப் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார். பிரசங்கம் தைரியத்தைப் பற்றி. உனக்குச் சிரிப்பு வரவில்லையா?

ரயில் தவறியது, போட்டு திரும்பவில்லை, காய்ச்சல் என்று எதையாவது எழுதித் தொலைக்காதே.

நீண்டகரை
27-1-1995

டீச்சருக்கு,

நான் வந்தேன்.

ஒன்பது மணிக்கு முன்பே வந்துவிட்டேன். கல்லறைப் பக்கத்தில் நிற்கிற பெரிய அயனி மரத்தடியில் நின்றேன். உள்ளே பாடுவது கேட்டது. நீங்கள் எனக்கு ஒருமுறை பாடிக்காட்டிய பாட்டும் அதில் இருந்தது. சொல்லவேண்டியதை நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் கோயிலில் ஓலை வாசிப்பது பூசை முடியும்போதுதான் டீச்சர். நன்மை அப்பம் கொடுத்து முடித்து, கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்பு. பிந்தி வருகிறவர்களும் கேட்கட்டும் என்று அப்படி. எங்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். நான் வேறு சபைக்குள் இதற்கு முன் போனதே இல்லை. முன்னாலேயே போய் உட்கார்ந்தால் உங்கள் அப்பா பார்த்துவிடுவார், கடைசிப் பாட்டு தொடங்கும்போது உள்ளே போனால் போதும் என்று நின்றேன்.

கடைசிப் பாட்டில் உள்ளே போனேன். எல்லோரும் எழும்பி நின்றார்கள். நானும் நின்றேன். போதகர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் சொன்னார். எல்லோரும் வெளியே வரத் தொடங்கினார்கள். கதவருகில் நின்ற ஒரு வயதானவரிடம் ஓலை எப்போது வாசிப்பார்கள் என்று கேட்டேன். "அது பிரசங்கத்துக்கு முன்னயே முடிஞ்சாச்சே மக்கா. ஆருக்க ஓலை? உனக்கதா?" என்று சிரித்தார்.

நீங்கள் நீலச் சேலை கட்டியிருந்தீர்கள். எனக்கு ஐந்தாறு ஆள் தள்ளிப் போனீர்கள். கூப்பிடவில்லை. உங்கள் அப்பா படியில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். நான் தூணுக்கு மறுபக்கம் போய்விட்டேன்.

ஊருக்கும் போகாமல் நேராக நீண்டகரைக்கு வந்துவிட்டேன். ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, யார் செத்தார்கள் என்று மலையாளத்தில் கேட்டாள்.

கிளீட்டஸ்

பாறசாலை
31-1-1995

கிளீட்டஸ்,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுப் பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். முதலில் என் மேல்தான் கோபம். எந்த இடத்தில் ஓலை வாசிப்பார்கள் என்று நான் எழுதவே இல்லை. பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் முதல் பாடம், அறிவிப்பு, ஓலை, காணிக்கை, பிரசங்கம். இது தெரியாத ஒருவன் இருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கடப்புறத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு பஸ் தூரம்தான் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஒன்பது மணிக்கு முன்பே வந்தவன் ஏன் அயனி மரத்தடியில் நின்றாய்? கேட்க வேண்டிய ஆளும் உள்ளே இருந்தார், நானும் உள்ளே இருந்தேன். தெரியாமல்தான் நின்றாயா? இல்லை, தெரியாமல் போவதற்காக நின்றாயா? நீ பொய் சொல்கிறாய் என்று சொல்லவில்லை. உனக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான். பெண்கள் பக்கத்தில் என் பெஞ்சிலிருந்து பிரசங்க பீடத்துக்கு எட்டு அடி வைத்தால் போய்விடலாம். என் கால் செத்தா கிடந்தது?

இனி திட்டி என்ன பயன். இன்னும் ஒரே ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. கல்யாணம் பிப்ரவரி 9, வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. லெந்து நோன்புக் காலம் வரும் முன் முடிக்கவேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். கைபிடித்துக் கொடுக்கும் முன் போதகர் எல்லோரையும் இன்னொரு முறை கேட்பார். இப்போது சொல்லாவிட்டால் இனி என்றைக்கும் பேசக்கூடாது என்பார். இது ஆரம்பத்திலேயே வரும். நன்றாகக் கேட்டுக்கொள்: ஒரு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு வாசிப்பு, அடுத்தது இதுதான். பாட்டுக்கு முன்பே உள்ளே வந்து ஆண்கள் பக்கம் உட்கார். மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பெண் வீடு என்பார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு என்பார்கள். அப்பா முன்னால் இருப்பார், திரும்ப மாட்டார்.

பாவம் ஜஸ்டஸ். அன்றைக்கு அவர் முகம் என்ன ஆகும் என்று நினைக்காமல் இல்லை. அவர் அம்மா ஆனந்தபாய் நேற்று வந்திருந்தார். முதல் பேரப்பிள்ளை உண்டு என்று கேட்கிற அன்றைக்கு அடிக்கவென்று இப்போதே ஒரு சேவல் வளர்க்கிறாராம். லிஜா சிரித்துச் சிரித்து விழுந்தாள். இப்படிப்பட்டவர்களை எல்லோர் முன்னிலும் தலைகுனிய வைக்கப் போகிறேன் என்று தெரிந்தும் எனக்கு மனம் மாறவில்லை. நான் நல்லவள் இல்லை, கிளீட்டஸ். ஆசைப்பட்டவள், அவ்வளவுதான்.

இந்தத் தடவை மரத்தடியில் நிற்காதே.

குளோரி

கோட்டுகால்
14-2-1995

குளோரி,

இனி டீச்சர் என்று எழுதக் கை வரவில்லை. மன்னிக்கவும்.

நான் உள்ளே இருந்ததை நீங்கள் பார்த்தீர்கள். நான் எழும்பியதும் தெரிந்திருக்கும், நீங்கள் முக்காட்டைக் கொஞ்சம் தூக்கினீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிய வழியில்லை. அதைச் சொல்லத்தான் ஊரிலிருந்து எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க இல்லை, அதற்கு முகம் இல்லை.

போதகர் கேட்டார். நான் எழும்பினேன். பயமே வரவில்லை, அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வாயைத் திறந்துவிட்டேன். "தடை" என்ற சொல்லின் முதல் எழுத்து நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்தார். நல்ல வயதானவர், கையில் ஒரு பேரக்குழந்தை. "எலே மக்கா, இடம் காணாதா? இங்கெ வா, இரி" என்று மெதுவாகச் சொன்னார். குழந்தையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, தோள் துண்டால் பெஞ்சைத் துடைத்து, எனக்கு இடம் விட்டார். பாட்டுப் புத்தகத்தை விரித்து என் கையில் தந்தார்.

நான் உட்கார்ந்தேன்.

ஒருத்தன் என் சட்டையைப் பிடித்து இழுத்திருந்தால் நின்றிருப்பேன். உங்கள் அப்பா திரும்பி முறைத்திருந்தால் கூட நின்றிருப்பேன். கடல் என்னை எதிர்த்தால் நான் விட மாட்டேன், அது எனக்குத் தெரியும். இடம் விட்டுத் தருகிறவனை எப்படி எதிர்ப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு விளையாடியது. நிமிர்ந்து பார்த்தபோது நீங்கள் "சம்மதம்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

இன்னும் கேளுங்கள். வெளியே வந்து ஓடப் பார்த்தேன். அந்த மனிதர் விடவில்லை. சாப்பிடாமல் போனால் வீட்டுக்காரருக்குக் குறைச்சல் என்று கையைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தார். உங்கள் அப்பா பந்தி விசாரித்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. பிறகு, "பிரதமன் ஊத்துங்க இவனுக்கு" என்று பாயசம் விளம்புகிறவனிடம் சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

நான் சாப்பிட்டேன் குளோரி. உங்கள் கல்யாணச் சோற்றை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

கிளீட்டஸ்

நீண்டகரை
22-5-1995

டீச்சருக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. எழுதவேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகும் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதால் அங்கே அனுப்புகிறேன். ஒரு காரியம் சொல்லவேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

போன வாரம் எங்கள் போட்டின் வலை அடியில் பாறையில் மாட்டியது. இப்படி வந்தால் இறங்குகிறவன் நான்தான். யாரும் சொல்லவேண்டியதில்லை, நானே இறங்கிவிடுவேன். அன்றைக்கு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையில் இருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் நல்ல தெளிவாக இருந்தது, காற்றும் இல்லை. எனக்கு முடியவில்லை. கடைசியில் வேறொருவன் இறங்கி விடுவித்துவிட்டு வந்தான்.

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். "சுகமில்லியாலே?" என்று கேட்டுக் கட்டன்சாயா போட்டுத் தந்தார்கள்.

எனக்கு இருந்தது கடல் என்ற ஒரே ஒரு இடத்துத் தைரியம். அதை உங்கள் சபையில் கொண்டுபோய்ச் செலவழிக்கத் தெரியாமல் இரண்டு இடத்திலும் இல்லாமல் ஆக்கிவிட்டேன். மழைக்காலத்தில் போட்டுகளை நிறுத்தும்போது ஊருக்குப் போவேன். அம்மை இப்போது எனக்கு மீன் வைக்கிறாள். நான் கோயிலை விடவில்லை என்று அவளுக்குச் சந்தோஷம். பொன்னாடையை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள், வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுகிறாள்.

கிளீட்டஸ்

பாறசாலை
20-6-1995

கிளீட்டஸ்,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தது. பதில் எழுதாதது கோபத்தால் என்று நினைத்திருப்பாய். கோபம் இருந்தது. நீ எழும்பியபோது எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. என் ஆயுசில் அத்தனை சந்தோஷம் எனக்கு இருந்ததில்லை. நீ உட்கார்ந்துவிட்டாய். நான் எழும்பியே நின்றுகொண்டிருந்தேன் அல்லவா, மணமேடையில். எனக்கு உட்காரக்கூட வழியில்லை. போதகர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். பதில் சொல்ல எனக்குத் தைரியம் உண்டு என்று எழுதியிருந்தேனே.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதைச் சொல்லவும் எனக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை.

நாங்கள் இப்போது கொல்லயில் சபைக்குப் போகிறோம். சிஜி என்று ஒரு பெண்ணுக்கு மூன்றாம் ஓலை வாசித்தார்கள். அவளை எனக்குத் தெரியாது. எந்தப் பெஞ்சில் இருந்தாள் என்றும் தெரியாது. தடை உள்ளவர் உண்டோ என்று போதகர் கேட்டு நிறுத்தினார். வெளியே நல்ல மழை, ஓட்டின் மேல் விழுகிற சத்தம். நான் எழும்பி நின்றேன்.

எழும்பவேண்டும் என்று நினைக்கவில்லை. நின்ற பிறகுதான் நிற்கிறேன் என்று தெரிந்தது. சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. போதகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்ன மோளே?" என்றார். அதற்குள் பக்கத்திலிருந்த மாமி, ஜஸ்டஸின் அம்மா, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பின்பெஞ்சில் ஒருத்தி இன்னொருத்தியிடம் "விசேஷமாக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். பெண்கள் வழி விட்டார்கள். போதகர் கூட முகம் மலர்ந்து, ஓலையை மடித்துவிட்டுக் காணிக்கைப் பாட்டுக்குப் போய்விட்டார். உனக்குப் பெஞ்சு துடைத்துத் தந்தார்கள் என்று எழுதினாய். எனக்கு ஒருத்தி விசிறி தந்தாள்.

முகப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஜஸ்டஸ் ஆண்கள் பக்கத்திலிருந்து வந்தார். தண்ணீர் தந்தார். மாமி பக்கத்திலேயே நின்றார். "அம்மா, நீங்க உள்ளெ போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று ஜஸ்டஸ் சொன்னார். மாமி போகாமல் நின்றதும் இன்னொரு முறை சொன்னார். மாமி போனார். கதவையும் சாத்தினார் ஜஸ்டஸ்.

பிறகு என் முன்னால் படியில், மழைச்சாரல் படுகிற இடத்தில் உட்கார்ந்தார். அவர் பெரிய பேச்சுக்காரர் இல்லை. கையில் பட்ட சாரலைத் துடைத்தார். அப்புறம் கேட்டார்:

"குளோரி, உள்ளதைச் சொல்லு. ஓலை கேட்டப்பதான் நீ எழும்பினே. நம்ம கல்யாணத்துக்கு உனக்கு மனசு இருந்துதா? ஆரையும் பயந்து சம்மதிச்சியா? எங்கிட்ட சொல்லலாம். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அப்பா இல்லை. அம்மாவின் கை முதுகில் இல்லை. கதவு சாத்தியிருந்தது. மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. யாராவது ஒருத்தர் தனியாகக் கேட்டால் போதும் என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கேள்வியை நான் எழுதிக்கொடுத்ததுபோல அவர் கேட்டார். நான் சொல்லியிருந்தால் அவர் நிச்சயமாகக் கோபப்பட்டிருக்க மாட்டார். அந்த முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, எந்த வழி வேண்டுமானாலும் விட்டிருப்பார்.

"தலை சுத்துச்சு. வெயிலுக்காக்கும்" என்றேன்.

அவர் மழையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "செரி" என்றார். உன்னுடைய அதே "சரி"தான்.

இத்தனை நாளும் உன்னைக் கோழை என்று மனதில் திட்டிக்கொண்டிருந்தேன். ஆளில்லாமல், கேள்வி இல்லாமல்தான் நான் ஊமையாக இருந்தேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் போயிற்று. நீ கடலில் இறங்காததை நினைத்து வெட்கப்படாதே. வெட்கப்பட இன்னொரு ஆளும் உண்டு.

இந்த மாதத்தோடு இன்ஸ்டிட்யூட்டை விடுகிறேன், மாமி சொல்லிவிட்டார். இங்கே இனி கடிதம் அனுப்பினால் பிரிப்பது வேறு யாராவதாக இருக்கும். பிள்ளை உண்டா இல்லையா என்று எனக்கே இன்னும் நிச்சயமாகத் தெரியாது. சொல்லிப் பார்த்தேன், மாமி கேட்கவில்லை. ஞாயிறு சாயங்காலமே சேவலை அடித்துவிட்டார். அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லியும் விட்டார். அம்மாவும் அப்பாவும் லிஜாவும் பஸ் ஏறி வந்தார்கள். அப்பா என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். ஜஸ்டஸ் மட்டும் கறியில் கை வைக்கவில்லை. நெஞ்சுக்கறியை எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார் மாமி.

நானும் மிச்சம் வைக்கவில்லை.

குளோரி